நாங்கள் கேட்கும் கேள்வியை முதலிலேயே கேளுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், விற்பனைப் பிரிவின் தலைவருக்கும், பாலிசி கொடுக்கலாமா என்று எடைபோடும் அண்டர்ரைட்டிங் பிரிவின் தலைவருக்கும்,

வணக்கம். உங்கள் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு கம்பெனியின் கதையாகச் சுருங்கிவிடும். அதோடு, எனக்கு வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி இருக்கிறது. க்ளெய்ம் வந்த பிறகு நாங்கள் கேட்கும் நோய்க் கேள்விகளை பாலிசி விற்கும்போதே ஒழுங்காகக் கேளுங்கள் என்ற இதே விஷயத்தை உள்ளுக்குள்ளேயே மூன்று முறை மெயிலில் அனுப்பிப் பார்த்தேன். மூன்று முறையும் 'உங்கள் யோசனைக்கு நன்றி' என்று மெஷின் பதில் போட்டது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவள். எங்கள் தளத்தில் 'டாக்டர்' என்று பலகை தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலத்தான். பல் மருத்துவம், ஹோமியோபதி, ஆயுர்வேதம், சித்தா படித்துவிட்டு, கிளினிக் வைத்தால் வாடகைக்குக்கூடத் தேறாது என்று தெரிந்து வந்தவர்கள். கல்லூரியில் நாடி பார்க்கச் சொல்லித் தந்தார்கள். இங்கே பிடிஎஃப் பார்க்கிறேன். வாதம், பித்தம், கபம் என்று மூன்று படித்தது போய், இப்போது அப்ரூவ், குவெரி, ரிஜெக்ட் என்று மூன்று பட்டன். அம்மா மட்டும் ஊரில் 'என் மக இன்சூரன்ஸ்ல டாக்டர்' என்று சொல்லிக்கொள்கிறாள். கல்யாண வீட்டுப் பந்தியில் அதைக் கேட்டவர்கள் இலையை விட்டு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் தொடங்குவார்: "கட்டும்போது மட்டும் நல்லா வாங்கிக்கிறீங்க..."

பதினான்காவது தளத்திலிருந்து இறங்கி எங்கள் தளத்துக்கு நீங்கள் வருவது ஆயுத பூஜைக்கு மட்டும் என்பதால், ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை ஒன்பதுக்கு லாகின். ஏசி குளிருக்கு நாற்காலி முதுகில் ஒரு சால்வை நிரந்தரமாகத் தொங்கும். திரையில் வரிசை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கடிகாரம். பச்சை, மஞ்சள், சிவப்பு. கேஷ்லெஸ், அதாவது பில்லை நாங்களே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது, கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து விண்ணப்பம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். டிஸ்சார்ஜ் பில் வந்தால் மூன்று மணி நேரம். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவு அது. நல்ல உத்தரவுதான். ஊசியெல்லாம் கழற்றிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, பையோடு கட்டிலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். என் மாமனாரே ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் கடிகாரத்தை நிறுத்த எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதுதான் குவெரி. கோப்பு சிவப்பாகப் போகிறதா, ஒரு பேப்பர் கேட்டுவிடு. கேட்ட நொடியில் பந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விடும், நம் கணக்கில் பதில் போட்டாகிவிட்டது. 'முதன்முதலில் பார்த்த டாக்டர் சீட்டு எங்கே?' என்பதுதான் எங்கள் தளத்தில் அதிகம் போகும் குவெரி. தேவைப்பட்டும் கேட்கிறோம், நேரம் வாங்கவும் கேட்கிறோம். இரண்டையும் பிரித்துக் காட்டும் அறிக்கை எதுவும் உங்களுக்கு வருவதில்லை. நாளுக்கு எத்தனை கோப்பு மூடினேன் என்ற அறிக்கை மட்டும் வருகிறது.

எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏமாற்று வேலை நிறையவே நடக்கிறது. காய்ச்சல் சீசனில் ஒரே நர்சிங் ஹோமிலிருந்து பத்துப் பேர் கோப்பு வரும். பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி டெம்பரேச்சர் சார்ட், அதே தேதி, அதே கையெழுத்து, அதே பேனா. எக்ஸ்ரேயில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியதை ஒருமுறை பிடித்தேன். ஒட்டியவர் வயதை மாற்ற மறந்துவிட்டார். அந்த மாதிரி நாள்களில் ரிஜெக்ட் பட்டனை அழுத்தும்போது எனக்கு ஒரு திருப்தியே இருக்கும். எல்லோரும் கட்டுகிற பொதுப் பணம் அது. சும்மா தூக்கிக் கொடுப்பதற்கு நான் யார்?

நான் எழுத வந்தது வேறு மாதிரி கோப்பைப் பற்றி.

ஊரையும் தொழிலையும் மாற்றிச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு டெய்லர். வயது 47. பாலிசி எடுத்தது 2022 மார்ச். வருடம் தவறாமல் புதுப்பித்திருக்கிறார். 2025 ஜூலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 1,86,000 ரூபாய். கேஷ்லெஸ் விண்ணப்பத்தில் ட்யூட்டி டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நான்கு வருடமாக சுகர்.' பாலிசி எடுத்து நாற்பது மாதம்தான் ஆகிறது. நாலு வருடம் என்றால் நாற்பத்தெட்டு மாதம். இந்தக் கழித்தல் கணக்கை என் கண் தானாகப் போட்டுவிடும். கேஷ்லெஸ் கிடையாது, பணம் கட்டிவிட்டுப் பிறகு கேளுங்கள் என்று போட்டேன். நகையை வைத்துக் கட்டினார்கள். (இது பின்னால் தெரிந்தது.) அப்புறம் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு ரீஇம்பர்ஸ்மென்டுக்கு வந்தார்கள். சுகர் எப்போதிலிருந்து, ஆதாரம் கொடுங்கள் என்று குவெரி போட்டேன்.

அவருடைய மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். நீல அட்டை போட்ட சின்ன நோட்டு, ஓரமெல்லாம் மெஷின் எண்ணெய் கறை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கும் பெண் மாதாமாதம் எழுதிவிட்டுப் போன தேதிகள். அந்தத் திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்ட்டில். நோட்டில் முதல் தேதி அதே வருடம் நவம்பர். ஒரு மாதம்கூட விடுபடவில்லை. அப்பா ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர், உடம்பைக் கவனிக்காமல் விட்டவர் இல்லை என்று காட்டத்தான் மகள் அதை அனுப்பியிருக்கிறாள். எனக்கு அதில் தேவைப்பட்டது முதல் தேதி மட்டும். பாலிசிக்கு நான்கு மாதம் முந்தியது.

விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன். சர்க்கரை நோய்: இல்லை. ரத்த அழுத்தம்: இல்லை. மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா: இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஓடிபி மூலம் உறுதிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி, பக்கத்தில் நேரம். அவ்வளவு கேள்விக்கும் சேர்த்து ஆன நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே. எங்கள் சிஸ்டம் அதையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை.

உண்மையை மறைத்ததாக ரிஜெக்ட் செய்தேன். இப்போதெல்லாம் கமிட்டி பார்க்காமல் எதையும் நிராகரிக்கக் கூடாது என்று விதி இருப்பதால், கமிட்டிக்கும் போனது. எக்செல் தாளில் அறுபதில் ஒரு வரியாகப் போய், 'சரி' என்று திரும்பி வந்தது. பாலிசியும் ரத்து. கடிதம் ஆங்கிலத்தில், அச்சடித்த வார்ப்பில், 'வருந்துகிறோம்' என்று போனது. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் செலவில்லாமல் முறையிடலாம் என்ற வரி அதில் கடைசிப் பக்கம் அடியில் இருக்கும்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு அந்தக் கட்டத்தில் 'ஆமாம்' என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் பிரீமியம் ஏறியிருக்கும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். அது இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். இவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது நாற்பதாவது மாதம். சுகரைச் சொல்லியிருந்தால் நான் அப்ரூவ் பட்டனை அழுத்தியிருப்பேன். சொல்லாததைக் காரணம் காட்டி மறுக்க முடியாத நிலை வருவதற்கு அறுபது மாதம் ஆக வேண்டும். 36க்கும் 60க்கும் நடுவில் விழுந்துவிட்டார் மனிதர். அந்தக் கொஞ்சம் பிரீமியத்தைத் தவிர, மறைத்ததால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. 'இல்லை' என்று போட்டதில் லாபம் யாருக்கு என்று யோசித்தால், அன்றைக்கே பாலிசி இறங்கி, அந்த மாத டார்கெட் முடிந்தவருக்குத்தான்.

பிறகு மகளிடமிருந்து குறை தீர்க்கும் பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், தமிழில். அதை மொழிபெயர்த்துத் தரச் சொல்லி என்னிடம்தான் அனுப்பினார்கள். அதில் ஒரு வரி: 'அப்பாவுக்கு சுகர் இருக்கறத நாங்க மறைக்கல. எங்ககிட்ட யாரும் கேக்கவே இல்ல. ஓடிபி மட்டும்தான் கேட்டாங்க, சொன்னோம்.'

எங்கள் பெரியப்பா அம்பாசமுத்திரம் பக்கத்தில் எல்ஐசி ஏஜென்ட். சின்ன வயதில் பள்ளிக்கூடம் லீவு என்றால் அவருடைய சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போவேன். யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து படிவத்தை விரிப்பார். பேனா மூடியைக் கழற்றிவிட்டு உரக்கக் கேட்பார். அப்பா இருக்காரா? இல்லையா? என்ன வயசுல போனாரு? எதுல போனாரு? கூடப் பிறந்தவங்க எத்தனை? பாலிசி பெண்பிள்ளை பெயரில் என்றால் அவர் கேட்கும் கேள்விகளுக்கு எனக்கே கூச்சமாக இருக்கும், அவருக்கு இருக்காது. ஒருமுறை ஒருவர் 'நமக்கு ஒண்ணும் கிடையாது, கல்லு மாதிரி இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "போன ஆடியில மஞ்சக்காமாலை வந்து கெடந்தீங்கல்லா, அதைச் சொல்லுங்க." பெரியப்பா எழுதிக்கொண்டார். அந்த பாலிசிக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், இரண்டு மாதம் இழுத்தது. அவருக்குக் கமிஷன் தாமதம்தான்.

ஏன் பெரியப்பா இவ்வளவு கேக்கீங்க என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மூணு வருசத்துக்குள்ள ஒண்ணு ஆச்சுன்னா விசாரணைக்கு வருவான். அப்ப இந்தத் திண்ணையில நாந்தான் பதில் சொல்லணும்." அவர் மகா யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. சீட்டு விஷயத்தில் அவரைப் பற்றி வேறு கதைகள் இருக்கின்றன. ஆனால் அதே ஊரில், அதே தெருவில் இருந்தார். டெய்லருக்கு பாலிசி போட்ட பையன் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவனுடைய குறியீட்டு எண் மட்டும் கோப்பில் இருக்கிறது.

அந்தப் பையனையும் முழுசாகக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு 'ஆமாம்' போட்டால் கோப்பு அண்டர்ரைட்டிங்குக்குப் போகும், ரத்தப் பரிசோதனை என்பார்கள், பிரீமியம் ஏறும், வாடிக்கையாளர் 'யோசிச்சுச் சொல்றேன்' என்பார். மாதக் கடைசியில் இதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? உங்கள் ஆப்பில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்பது முதலிலேயே நிரப்பப்பட்டு வருகிறதே, அதை வடிவமைத்தது அந்தப் பையன் இல்லை.

இன்னொன்று, கேள்வியின் பாஷை. 'பின்வரும் நோய்களில் எதற்கேனும் சிகிச்சை பெற்றதுண்டா?' என்று ஆங்கிலத்தில் கேட்கிறோம். நம் ஊரில் சிகிச்சை என்றால் படுக்கையில் படுத்து குளுக்கோஸ் ஏற்றுவது. தினம் காலையில் சாப்பிடும் மாத்திரை சிகிச்சையில் சேராது. 'லேசா சுகர் இருக்கு', 'பார்டர்லதான் இருக்கு', 'பிரஷர் டென்ஷனானா மட்டும் வரும்', 'தைராய்டுக்கு ஒரு மாத்திரை, அதெல்லாம் ஒரு வியாதியா?' என்றுதான் ஜனங்கள் பேசுவார்கள். நெஞ்சு கரித்தால் கேஸ். கால் மரத்தால் வாயு. ஒரு வார்த்தை மாற்றிக் கேட்டால் எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரி ட்யூட்டி டாக்டர் அப்படிக் கேட்டுத்தானே அந்த ஒரு வரியை எழுதினார்? ராத்திரி இரண்டு மணிக்கு, நெஞ்சுவலியோடு இருப்பவரிடம், ஒரு நிமிடத்தில் அவருக்குக் கிடைத்த பதில், பாலிசி விற்கும்போது நமக்குக் கிடைக்கவில்லை என்றால் நாம் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நீதிமன்றங்களும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கின்றன. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டுப் பயணத்துக்கு பாலிசி எடுத்தவர் அவர், சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லித்தான் எடுத்தார். அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு, மூன்று ஸ்டென்ட். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று க்ளெய்மை மறுத்திருந்தார்கள். மறுத்தது செல்லாது என்றது நீதிமன்றம். உடல்நிலையை எடைபோட்டு பாலிசி கொடுத்த பிறகு, அவர் சொல்லியிருந்த நோயைக் காட்டியே கையை விரிக்க முடியாது என்பது அதன் சாரம். நம் டெய்லர் விஷயத்தில் எடைபோடவே இல்லை. அதனால் தப்பித்துக்கொண்டோம். இப்படித் தப்பிப்பதற்கு எனக்குச் சம்பளம் வருகிறது என்பதை நினைத்தால் சில நாள் டப்பாவைத் திறந்து சாப்பிடப் பிடிக்காது.

சரி, என்னதான் கேட்கிறேன்? பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. விற்கும் ஒவ்வொரு மருத்துவ பாலிசிக்கும், பணம் வாங்குவதற்கு முன்னால், மருத்துவம் படித்த ஒருவர் வாடிக்கையாளரோடு அவருடைய மொழியில் பத்து, பதினைந்து நிமிடம் போனில் பேசட்டும். அது பதிவாகட்டும். நம்மிடம் இந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. வயதோ தொகையோ ஒரு அளவைத் தாண்டினால் மட்டும் அழைக்கிறோம். 44 வயது டெய்லரும் ஐந்து லட்சம் பாலிசியும் அந்த அளவுக்குள் வரவில்லை. எங்கள் தளத்தில் க்ளெய்ம் வந்த பிறகு நான் கேட்கும் அதே கேள்விகள்தான். நேரத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

விற்பனை குறையும் என்பீர்கள். குறையலாம். அதற்கு எதிர்ப்பக்கத்தில், விழுப்புரத்துக்கு நாம் அனுப்பிய இன்வெஸ்டிகேட்டரின் கட்டணம், என் நேரம், கமிட்டியின் நேரம், குறை தீர்க்கும் பிரிவு, ஆம்பட்ஸ்மேன், நுகர்வோர் கோர்ட், வக்கீல் பீஸ் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கு உங்களிடம் இருக்கிறது. வேண்டுமென்றே பொய் சொல்பவர்கள் அப்போதும் சொல்வார்கள். சொல்லட்டும், குரல் பதிவு இருக்கும். அந்தக் கோப்பை ரிஜெக்ட் செய்ய எனக்கு இரண்டாவது யோசனை வராது.

இதை இப்போது எழுதக் காரணம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதுவரை 18 சதவீதம். விற்பனைப் பிரிவின் மெயில்களில் அன்றிலிருந்து பட்டாசுப் படமாக வருகிறது. முதல் முறையாக பாலிசி எடுக்கும் குடும்பங்கள் நிறைய உள்ளே வருகின்றன. நல்லதுதான். அரசுக் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதைச் சற்றுத் தாண்டி, கம்பெனி வேலையும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள் இவர்கள். அந்த அட்டையில், முன்பே சுகர் இருந்ததா என்ற கேள்வி கிடையாது. நம்மிடம் இருக்கிறது. இந்த மாதம் வண்டி ஷோரூமிலும் வங்கிக் கவுன்டரிலும் ஒரு நிமிடத்தில் அழுத்தப்படும் 'இல்லை'கள் 2028 வாக்கில் என் வரிசைக்கு வந்து சேரும். அப்போதும் நான் இதே நாற்காலியில்தான் இருப்பேன், கடன் கணக்குப்படி.

எல்லா பாலிசிக்கும் உடனே முடியாது என்றால் ஒரு மாவட்டத்தில் ஆரம்பியுங்கள். ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் தளத்தில் பேசிப் பார்த்தேன். பிடிஎஃப் பார்த்துச் சலித்தவர்கள், நோயாளியின் குரலைக் கேட்டே வருடக்கணக்கானவர்கள், ஏழெட்டுப் பேர் தயார். சனிக்கிழமை மதியங்களில் நானும் எடுத்துக்கொள்கிறேன், ஓவர்டைம் வேண்டாம். முதலில் பெயர், வயது, ஊர். அடுத்து நோய்ப் பட்டியலைப் படிக்க மாட்டேன். 'வீட்டுக்கு மாத்திரை கொடுக்க யாராவது வர்றாங்களா? அந்த நோட்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன்' என்று சொல்வேன்.

இப்படிக்கு,
க்ளெய்ம் பிரிவிலிருந்து ஒரு மருத்துவ அலுவலர்